இலக்குச் சுழல்துப்பாக்கியும் அது கற்பிக்கும் பாடமும்

ரிவால்வர் என்னும் பெயரைக் கேட்டவுடனே நம்மவர் உள்ளத்தில் தோன்றும் காட்சிகள் சிலவே. சினிமாவிலே கொள்ளைக்காரனைத் துரத்திச் செல்லும் கதாநாயகன், இடைவாரில் தோலுறை தொங்க நிற்கும் போலீஸ் அதிகாரி, துப்பறியும் நாவலின் மேலட்டையிற் புகை கக்கும் குழல் ஆகிய இவையே அவை. ஆயுதம் என்ற அளவில் அஃது அச்சத்திற்குரிய பொருள், அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும், அதே கருவியை ஒரு நூற்றாண்டிற்கும் மேலாக, எவ்வுயிர்க்கும் ஊறு செய்யாது, ஐம்பது கஜ தூரத்தில் நிறுத்திய காகிதத்தின் நடுவட்டத்தைத் துளைத்தற்கென்றே கையாண்டு வருவோரும் மேல்நாடுகளில் உளர். வீணை வாசிப்போனுக்கு வீணை எத்தகையதோ அத்தகையது அவர்களுக்கு அக்கருவி. அதன் அமைப்பு எத்தன்மையது, அவர்தம் கலை யாது, அதனை உடைமையாகக் கொள்வோர்க்குரிய கடமை யாது என்பவற்றை நம் கல்லூரி நண்பர்கட்கு இயன்றவரை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

யான் இதனை எழுதத் துணிந்தமைக்கு ஒரு காரணமுண்டு. 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில் மேற்படிப்பின் பொருட்டுத் தங்கியிருந்தேன். நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரராகிய முதியவர் இக்கலையிற் பழகியவர். தொழிற்சாலையொன்றில் கடைசல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைதோறும் தம் பேர்த்தியை அழைத்துக்கொண்டு சங்கத்துச் சுடுகளத்திற்குப் போவார். என்னையும் பன்முறை உடன் அழைத்துச் சென்றார். மாணவராய் வந்து தங்கும் அந்நியர், சில விலக்குகள் நீங்கலாக, துப்பாக்கியைக் கையாளுதல் அந்நாட்டுச் சட்டத்திற்கு மாறானது. ஆகவே யான் காதடைப்பும் கண்ணாடியும் அணிந்து பின்வரிசைப் பெஞ்சியில் அமர்ந்து கண்டவனேயன்றி, கையிலெடுத்துச் சுட்டவன் அல்லேன். அங்குக் கண்டதையும், அக்காட்சி தூண்டிய ஆவலாற் பின்னர்க் கற்றதையும் ஈண்டுக் கூறுகின்றேன்.

தோற்றமும் வளர்ச்சியும்

பண்டைத் துப்பாக்கியில் ஒருமுறை சுட்டவன், மறுமுறை சுடுவதற்குக் குழலில் மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்க வேண்டும். இவ்வருத்தத்தைப் போக்கியவருள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் சாமுவேல் கோல்ட் என்னும் அமெரிக்கர். 1836ஆம் ஆண்டில் அவர் தம் நாட்டிலே உரிமைச் சாசனம் பெற்ற துப்பாக்கியில், குழல் ஒன்றே. அதன் பின்னே பல அறைகளையுடைய உருளை ஒன்று சுழலும். அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குழலுக்கு நேரே வந்து நிற்கும். எனினும் அவ்வறைகளையும் முன்புறமாகவே, மருந்து வேறு குண்டு வேறாக, கெட்டிக்க வேண்டியிருந்தது. ரோலின் வைட் என்பவர் அறைகளை முன்னும் பின்னும் திறப்பாகத் துளைக்கும் முறைக்கு 1855இல் உரிமை பெற்றார். ஹோரஸ் ஸ்மித், டானியல் வெஸ்ஸன் என்னும் இருவர் அவ்வுரிமையைப் பயன்படுத்தும் அனுமதியைப் பெற்று, மருந்தையும் குண்டையும் ஒரே உலோகக் கூட்டில் அடைத்த தோட்டாவைப் பின்புறமாக இடும் ரிவால்வரை 1857 முதல் செய்து விற்கலாயினர். இற்றைச் சுழல்துப்பாக்கியின் உருவம் அன்றே ஏறத்தாழ அமைந்துவிட்டது.

போர்க்கருவியாகப் பிறந்த இது விளையாட்டுக் களத்திற்கும் விரைவிற் புகுந்தது. ஏதென்ஸ் நகரில் 1896இல் நிகழ்ந்த முதலாம் புத்தொலிம்பிக் பந்தயங்களில், பாஸ்டன் நகரத்துச் சகோதரராகிய சம்னர் பெயின், ஜான் பெயின் என்னும் இருவர் கலந்துகொண்டனர். 25 மீட்டர் இராணுவக் கைத்துப்பாக்கிப் போட்டியில் தம்பி ஜான் முதலிடத்தையும், தமையன் சம்னர் இரண்டாமிடத்தையும் பெற்றனர். விருந்தோம்பும் கிரேக்கரின் மனம் நோகும்படி பரிசுகள் அனைத்தையும் தாமே கைக்கொள்ளலாகாது என்று கருதி, முதற் போட்டியில் வென்றவர் அடுத்ததினின்றும் விலகிவிடுவதென அவர்கள் தமக்குள் முன்னரே உறுதி செய்திருந்தனராம். அவ்வாறே ஜான் விலக, 30 மீட்டர்ப் போட்டியிற் சம்னர் வென்றார். கருவி எதுவாயினும் அதனை ஏந்திய கையின் பண்பு வேறு என்பதற்கு இஃது ஒரு சான்று.

இங்கிலாந்திலே 1890 முதல் பிஸ்லி என்னுமிடம் இக்கலைக்குத் தாயகமாயிற்று. அங்குப் புகழ்பெற்ற வால்டர் வைனன்ஸ் என்பார் 1901இல் ரிவால்வர் சுடுங்கலையைப் பற்றி விரிவானதொரு நூல் வெளியிட்டார். அவரே 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கிற் சிற்பக்கலைக்குத் தங்கப்பதக்கமும் பெற்றவர் என்பது வியப்பன்றோ! அமெரிக்காவிலோ, ஈரி ஏரிக்கரையிலுள்ள காம்ப் பெர்ரி என்னும் களம் 1907 முதல் தேசியப் போட்டிகட்கு நிலைக்களமாயிற்று.

இக்களங்கட்கென்றே சில ரிவால்வர்கள் தனியே சமைக்கப்பட்டன. 1904இற் கோல்ட் கம்பெனியார் ‘ஆபீசர்ஸ் மாடல்’ என்பதனை வெளியிட்டனர். ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் 1940இல் ‘கே-22 மாஸ்டர்பீஸ்’ என்பதனைத் தொடங்கினர். ஆயிரத்துச் சொச்சமே செய்வதற்குள் உலகப் போர் குறுக்கிட்டு வேலையை நிறுத்திவிட்டது. போர் முடிந்தபின், அதனோடு கே-32, கே-38 என்னும் உடன்பிறப்புக்களும் சேர்ந்தன. குழலின் துளை வேறுபட்டாலும் மூன்றும் கையில் ஒரே எடையாக இருத்தல் வேண்டுமென்று திட்டமிட்டுச் செய்யப்பட்டவை. ஒன்றிற் பழகிய கை மற்றொன்றையும் தன்னதெனவே உணரும். 1957இல் இவற்றிற்கு முறையே 17, 16, 14 என்னும் எண்கள் சூட்டப்பெற்றன. கோல்ட் கம்பெனியாரின் ‘பைதன்’ 1955இல் வந்தது. பழைய இலக்கு ரிவால்வர்களை விரும்பித் தேடுவோர் இன்றும் முதலில் வினவும் பெயர்கள் இவையே. என் முதியவர் வைத்திருந்தது கே-38. அவர் தந்தையார் வாங்கியது.

கருவியின் அமைப்பு

அதன் அமைப்பைச் சிறிது காண்போம். குழலின் நீளம் பெரும்பாலும் 6 அங்குலம். மொத்த எடை ஏறத்தாழ இரண்டரை ராத்தல். பெருவிரலாற் குதிரையைப் பின்னிழுக்குங்கால், உள்ளேயிருக்கும் சிறு நெம்பு ஒன்று உருளையை ஆறிலொரு பங்கு சுழற்றும். அதே கணத்தில் அடியிலிருந்து ஒரு முளை எழுந்து உருளையின் பள்ளத்திற் பொருந்தி அதனை அசையாது பூட்டும். இவ்விரு செயலும் இம்மியும் பிசகாது ஒத்து நிகழ்தல் வேண்டும். அறை, குழலுக்கு நேரே நில்லாது சிறிது விலகினும், குண்டு குழலின் வாயில் உராய்ந்து ஈயம் சிதறும், குறியும் தவறும். உருளைக்கும் குழலுக்கும் இடையே ஓர் அங்குலத்தின் ஆயிரத்திற் சில பங்கேயான இடைவெளி விடப்பட்டிருக்கும். அது குறைந்தால் உருளை சுழலாது. மிகுந்தால் வெடிமருந்தின் ஆவி வீணே பக்கவாட்டிற் கழியும். அவ்விடைவெளி வழியே பீறிடும் ஆவி விரலைச் சுட்டுப் புண்படுத்தவல்லதாதலின், உருளையின் முன்பக்கத்தில் விரல் படாது பிடித்தல் வேண்டுமென்பது முதற் பாடம்.

குதிரையை நிறுத்தியபின் விசையை அழுத்துவதற்கு மூன்று ராத்தல் அளவு விரல்வலி போதும். குதிரையை முன்னரே இழுக்காது, விசையை அழுத்துவதனாலேயே அதனை எழுப்பி விழச்செய்தலும் கூடும். ஆனால் அதற்குப் பத்து ராத்தலை ஒட்டிய வலி வேண்டும். ஆகவே குறி தவறாமையை நாடுவோர் முன்னதையே விரும்புவர். நல்ல இலக்கு ரிவால்வரின் விசை, கண்ணாடிக் குச்சி ஒடிவதுபோல, முன்னறிவிப்பின்றி, இழுபறியின்றி விடுபடும் என்பர்.

தோட்டாவும் தனி வகையினது. ‘38 ஸ்பெஷல்’ எனப்படும் அத்தோட்டாவின் குண்டு, பெயர் எவ்வாறாயினும், உண்மையில் 0.36 அங்குலத்தை ஒட்டிய விட்டமுடையது. இலக்கிற்கென்று செய்த குண்டு 148 கிரெயின் எடையுள்ள ஈயம். முனை கூராயிராது, தட்டையாக வெட்டியது போலிருக்கும். அதனால், காகிதத்தைக் கிழிக்காது, ரயில்வே டிக்கட் பரிசோதகர் துளையிட்டாற்போல வட்டமாகத் துளைக்கும். குண்டு எந்த வளையத்திற் பட்டது என்று நடுவர் ஐயமின்றிச் சொல்லலாம். மருந்தும் குறைவாகவே இடப்படும்; அதன் வேகம் ஒலியின் வேகத்திற்கும் குறைந்தது.

இனி, போட்டி முறை. அமெரிக்க வழக்கில், ஒரு கையால் மட்டுமே ஏந்திச் சுடுதல் வேண்டும். 50 கஜ தூரத்தில் 10 தோட்டாக்களை 10 நிமிடத்திற் சுடுவது மெதுச்சுடுகை. 25 கஜ தூரத்தில் 5 தோட்டாக்களை 20 வினாடியிற் சுடுவது ஒன்று. அதனையே 10 வினாடியிற் சுடுவது மற்றொன்று. ஆறறை உருளையாயினும் ஐந்தே கெட்டிப்பர். 10 வினாடிக்குள் ஐந்துமுறை பெருவிரலாற் குதிரையை இழுத்து, ஐந்துமுறை குறிபார்த்து, ஐந்துமுறை பதறாது விசையழுத்துவது எத்துணை அருமை என்பதை மாணவர் தம் கைக்கடிகாரத்தை நோக்கி எண்ணிப் பார்க்கலாம்.

கண் எங்கே நிற்றல் வேண்டும்?

துரோணர் தம் மாணாக்கரைச் சோதித்த கதை நாமெல்லாம் அறிந்ததே. மரமும் கிளையும் பறவையும் கண்டோர் தோற்றனர். பறவையின் தலையொன்றையே கண்ட அருச்சுனன் வென்றான். வில்லுக்கு அது பொருந்தும்போலும். ரிவால்வர் பழகுவோனுக்கோ ஆசிரியன் முதலிற் கூறும் அறிவுரை இதற்கு நேர்மாறானது: ‘இலக்கைப் பாராதே!’

இதன் காரணத்தைக் கணக்கினால் எளிதில் உணரலாம். குழலின் நுனியில் நிற்கும் தகட்டை முற்குறி என்றும், பின்னே சதுரப் பள்ளம் வெட்டிய தகட்டைப் பிற்குறி என்றும் கொள்வோம். பள்ளத்தின் நடுவே முற்குறி, இருபுறமும் ஒத்த வெளிச்சம் விட்டு, தலைமட்டம் சரியாக நிற்றல் வேண்டும். இவ்விரண்டிற்கும் இடைத்தூரம் ஏழரை அங்குலம் என்க. 50 கஜம் என்பது 1,800 அங்குலம்; அதாவது இடைத்தூரத்தைப் போல 240 மடங்கு. ஆகவே முற்குறி நூறிலொரு பங்கு அங்குலம் ஒதுங்கினால், இலக்கிலே குண்டு 2.4 அங்குலம் ஒதுங்கும். பத்து மதிப்பெண்ணுக்குரிய நடுவட்டத்தின் குறுக்களவோ மூன்றரை அங்குலத்திற்கும் குறைவு. மயிரிழை போன்ற அவ்வொரு பிழையே குண்டை நடுவட்டத்தினின்றும் வெளியே தள்ளிவிடும். இதற்கு மாறாக, இரு குறிகளும் ஒத்து நிற்க, கை முழுவதும் ஓரங்குலம் ஆடினால், இலக்கிலும் பிழை ஓரங்குலமே. எந்தக் கையும் ஆடாது நில்லாது. ஆனால் ஆடும் கையினும் கொடியது குறி பிசகிய கை.

மனிதக் கண் ஒரே சமயத்தில் முற்குறியையும், தொலைவிலுள்ள இலக்கையும் தெளிவாகக் காணாது. ஒன்றைத் தெளிவுறக் காணின் மற்றொன்று மங்கும். கற்றுக்குட்டி, ஆசை மிகுதியால், இலக்கையே உற்றுநோக்கித் தன் கையிலுள்ளதை மறப்பான். கைதேர்ந்தோன் இலக்கை மங்கவிட்டுத் தன் முற்குறியையே நோக்குவான். அடைய விரும்பும் பொருளை விடுத்துத் தன் நிலையைச் செம்மை செய்பவனுக்கே அப்பொருள் கைகூடும் என்பது இக்கலையின் விந்தை.

கையின் வஞ்சனை

கண் திருந்தினாலும் கை திருந்துவது எளிதன்று. வெடிக்கும் ஓசையும், உள்ளங்கையில் அறையும் அதிர்ச்சியும் உடலுக்குப் பகை. இரண்டொரு நாளிலேயே உடல் அவற்றை எதிர்பார்க்கக் கற்றுக்கொள்கிறது. விசை விடுபடப் போகும் கணத்தில், உள்ளம் அறியாதவாறே மணிக்கட்டு கீழ்நோக்கித் துடிக்கிறது. கண் இமை மூடுகிறது. குண்டோ இலக்கின் அடியிற் போய்ப் பாய்கிறது. சுட்டவனைக் கேட்டால், ‘நான் அசையவே இல்லை, துப்பாக்கியிற் பிழை’ என்று சத்தியம் செய்வான். அவன் பொய் சொல்வதுமன்று. வெடியின் எழுச்சி அவன் துடிப்பை உடனே மறைத்துவிடுவதால் அவனுக்கே தெரிவதில்லை.

இவ்வஞ்சனையை வெளிப்படுத்தச் சுழல்துப்பாக்கியினும் சிறந்த கருவி இல்லை. உருளையின் சில அறைகளில் தோட்டாவும், சிலவற்றிற் சுட்டுக் கழித்த வெறுங்கூடும் மாறிமாறி இட்டு, சுடுவோன் காணாதபடி உருளையைச் சுற்றி மூடி அவன் கையிற் கொடுப்பர். எது வெடிக்கும், எது வெடியாது என்பது அவனுக்குத் தெரியாது. வெறுங்கூட்டின்மேற் குதிரை விழும்போது ஓசை இல்லை, எழுச்சியும் இல்லை. கையின் துடிப்பு மட்டும், மறைக்க ஒன்றுமின்றி, அம்மணமாகத் தெரியும்.

முதியவர் தம் பேர்த்திக்கு இப்பயிற்சியைச் செய்வித்ததை ஒருநாட் கண்டேன். பதினாறு வயதுப் பெண். முதல் வெறுங்கூட்டிலேயே குழல் நுனி இரண்டங்குலம் தாழ்ந்தது. அவள் முகம் சிவந்து, ‘தாத்தா, உங்களுக்கு இப்படி ஆகுமா? நான் இட்டுத் தருகிறேன், சுடுங்கள்’ என்றாள். அவர் தட்டவில்லை. அவள் திரும்பி நின்று கெட்டித்துக் கொடுத்தாள். முதலிரண்டும் வெடித்தன, நடுவட்டத்தில் இரு துளைகள். மூன்றாவது ‘டிக்’ என்றது. குழல் நுனி சற்றே, ஆனால் ஐயமறத் தாழ்ந்தது. சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு அவர் நகைத்து, ‘குழந்தாய், அறுபது வருஷப் பழக்கம், இன்னும் என் கை என்னை ஏமாற்றத்தான் பார்க்கிறது. அதை நம்பாதிருக்கக் கற்றதுதான் நான் கற்றதெல்லாம்’ என்றார். அன்று அதற்குமேல் அவர் ஒரு தோட்டாவும் சுடவில்லை. வெறுங்கூடுகளையிட்டு இருபது முறை விசையழுத்திப் பயின்று முடித்தார்.

உடைமையும் கடமையும்

போட்டிகளில் ரிவால்வரின் ஆட்சி நெடுநாள் நீடிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் தானே மறுதோட்டாவை ஏற்றித் தானே குதிரையை நிறுத்திக்கொள்ளும் கைத்துப்பாக்கிகள் 1950களிலும் 1960களிலும் செம்மையுற்றன; விரைவுச் சுடுகையில் அவற்றோடு பெருவிரல் போட்டியிட இயலவில்லை. ரிவால்வர் செய்த கம்பெனியாரே, அதே 38 இலக்குத் தோட்டாவைச் சுடும் அத்தகைய கைத்துப்பாக்கி ஒன்றை 1961இல் வெளியிட்டனர். இன்று ரிவால்வருக்கென்றே தனியாக வகுத்த போட்டிகளிலும், பழமையை விரும்புவோர் கையிலுமே அது பெரிதும் விளங்குகின்றது. ஆகவே இன்று ஒருவர் அதனை வாங்குவது பெரும்பாலும் பிறர் கையினின்றேயாம்.

அங்ஙனம் வாங்குவோர் ஆராய வேண்டியன சில. முதற்கண், உருளையைத் திறந்து அறைகள் வெறுமையென்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தல். பின்னர், குதிரையை மெல்ல இழுத்து, அது நிற்கும் முன்பே ஒவ்வோரறையிலும் உருளை பூட்டிக்கொள்கிறதா என்று பார்த்தல். விசையை அழுத்தியபடியே உருளையை அசைத்து, ஆட்டம் மிகுதியோ என்று காணல். குழலின் வாய்விளிம்பில் வடு இருப்பின் குறி கெடும். உட்புறத்துச் சுருள்வரிகளில் துரு அரித்த குழிகள் இருப்பின் ஈயம் படியும். திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால், அறியாத கை உள்ளே புகுந்து விளையாடியிருக்கிறதென்று கொள்க.

பேணும் முறையும் எளிதே. சுட்ட அன்றே குழலையும் அறைகளையும் துலக்கி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சிடல் வேண்டும். தோலுறையில் நெடுநாள் வைத்தல் கூடாது. தோல் ஈரத்தை ஈர்த்துத் துருவேற்றும். நடுவிற் பற்றவைக்கும் தோட்டாவிற்குரியதை வெறுமையாக விசையழுத்திப் பழகலாம். விளிம்பிற் பற்றும் 22 வகையில் அங்ஙனம் செய்தால் ஊசி அறையின் விளிம்பைத் தாக்கிக் கெடுக்கும். இவை கருவியைப் பற்றியன.

பிற உயிர்களைப் பற்றிய விதிகள் இவற்றினும் முந்தியவை. எந்தத் துப்பாக்கியையும் கெட்டித்ததாகவே கருதுக. அழிக்க விரும்பாத எதனையும் நோக்கி அதன் வாயைத் திருப்பாதே. குறி ஒத்தாலன்றி விசையில் விரல் வையாதே. இலக்கையும் அதற்கு அப்பாலிருப்பதையும் அறிந்தே சுடு. வீட்டிலோ, துப்பாக்கி ஒரு பூட்டினுள்ளும் தோட்டா வேறொரு பூட்டினுள்ளும் இருத்தல் வேண்டும்.

இவ்விதிகளை முதியவர் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த மாலையில், மேசைமேற் கிடந்த ரிவால்வருக்கு எண்ணெயிட்டவாறே, மற்றொன்றையும் சொன்னார். அவர் மனைவியார் இறந்த வருஷம், இரும்புப் பெட்டியிலிருந்த துப்பாக்கிகளையெல்லாம் தம் சங்கத்து நண்பர் ஒருவர் வீட்டிற்கு அனுப்பிவிட்டாராம். ஓராண்டு கழிந்த பின்னரே திருப்பி வாங்கிக்கொண்டாராம். ‘ஏன்?’ என்று அறியாமையாற் கேட்டுவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பாராது, ‘அந்த வருஷம் என் கை நம்பத்தக்க கையாக இல்லை’ என்றார். அமெரிக்காவிலே துப்பாக்கியால் நேரும் மரணங்களிற் பாதிக்குமேற்பட்டவை தற்கொலைகளே என்பதை யான் பின்னரே அறிந்தேன். வெறுங்கூட்டின்மேல் விழுந்த குதிரை அவருக்குக் கற்பித்த பாடம், சுடுகளத்தோடு நின்றுவிடவில்லை என்பதும் அப்பொழுதே விளங்கிற்று.

ஒரு நாட்டின் முடிவு

இங்கே மறைக்கலாகாத ஒரு செய்தியுண்டு. 1996ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 13ஆம் தேதி, ஸ்காட்லாந்தில் டன்பிளேன் என்னும் ஊரின் ஆரம்பப் பாடசாலையுள் ஒருவன் புகுந்து, குழந்தைகள் 16 பேரையும் ஆசிரியை ஒருவரையும் சுட்டுக் கொன்று, தன்னையும் மாய்த்துக்கொண்டான். அவன் கொணர்ந்த கைத்துப்பாக்கிகளுள் ரிவால்வர்களும் இருந்தன. அவை சட்டப்படி அனுமதி பெற்று வைத்திருந்தவை. நாடே துடித்தது. 1997இல் இரு சட்டங்கள் பிறந்தன. முதலாவது, 22 அளவிற்கு மேற்பட்ட கைத்துப்பாக்கிகளைத் தடுத்தது. இரண்டாவது, அவ்வளவினவற்றையும் தடுத்தது. வடஅயர்லாந்து நீங்கலான பிரிட்டனில், ஒன்றரை லட்சத்திற்கும் மேற்பட்ட கைத்துப்பாக்கிகள் அரசினரிடம் ஒப்புவிக்கப்பட்டு, அவற்றிற்கு ஈட்டுத்தொகையும் வழங்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகப் பிஸ்லியில் ஒழுங்காகச் சுட்டுவந்தோரும், தந்தையார் வைத்துப்போனதைப் பொன்போற் போற்றியோரும், வரிசையில் நின்று அவற்றைக் கொடுத்துவிட்டுப் போயினர். பழமைச் சிறப்புடைய சில மட்டும் குறித்த இடங்களிற் பூட்டி வைக்கப்பட்டு அங்கேயே சுடப்படுகின்றன. வாய்வழிக் கெட்டிக்கும் பழைய முறை ரிவால்வர்கட்கும் அனுமதியின்பேரில் இடமுண்டு.

குற்றமற்றோரைத் தண்டித்த சட்டம் இது என்பார் ஒரு சாரார். அவர் வாதம் வெறுமையானதன்று. பிஸ்லியிற் சுட்டோர் எவரும் டன்பிளேனிற் சுட்டிலர். குழந்தைகளை இழந்த பெற்றோர் முன்னிலையில் விளையாட்டின் உரிமையைப் பேசுதல் தகாது என்பார் மற்றொரு சாரார். அவர் வாதமும் வெறுமையானதன்று. எந்தக் கை நம்பத்தக்கது, எந்தக் கை தகாதது என்பதை அனுமதிச் சீட்டு வழங்கிய அதிகாரியும் முன்னறிய இயலவில்லை. எனக்குத் தோன்றுவது இது: தன் கையைத் தான் ஐயுறும் அறிவு ஒவ்வொருவனிடத்தும் இருந்திருப்பின் சட்டத்திற்கு வேலையே இல்லை. அவ்வறிவு இல்லாதோர் சிலர் உள்ளவரை, சட்டம் எல்லோர் சார்பிலும் ஐயுறவே செய்யும். அதன் சுமையை நல்லோரும் சுமக்க வேண்டியவராவர். அச்சுமையை முறுமுறுப்பின்றிச் சுமந்தவரைத் தோற்றவர் என்று நான் எண்ணவில்லை.

நம் நாட்டிலே 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, அனுமதியின்றி எவரும் துப்பாக்கி வைத்திருத்தலாகாது. ஒருவர் வைத்திருக்கத்தக்க தொகையும் 2019இல் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. நம் வாசகருட் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு ரிவால்வரைத் தொடப்போவதில்லை. தொட வேண்டுமென்றும் யான் சொல்லவில்லை. அடக்கமுடைமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் நாட்டில் அடக்கத்தைக் கற்க மேல்நாட்டுத் துப்பாக்கி வேண்டுவதில்லை. ஆயினும் பரீட்சை மண்டபத்திலும், சொற்பொழிவு மேடையிலும், நாளைக்கு நாம் அமரப்போகும் அதிகார நாற்காலியிலும், குறி தவறியவுடன் கருவியைப் பழித்து ‘நான் அசையவே இல்லை’ என்று சத்தியம் செய்யும் இயல்பு நம்மெல்லோரிடத்தும் உண்டு. அத்தகைய வேளையில், இடையே ஒரு வெறுங்கூட்டை இட்டுப் பார்க்கும் துணிவு நமக்கு வாய்க்குமாக.

முதியவர் 2016இல் காலமானார். அவர் விருப்பப்படி கே-38 பேர்த்தியிடம் சேர்ந்தது. அவள் எனக்கு எழுதிய கடிதத்தில், சனிக்கிழமைதோறும் களத்திற்குச் செல்வதாகவும், தனக்குத் தோட்டா இட்டுத்தர ஒரு தோழியைப் பழக்கி வைத்திருப்பதாகவும் குறித்திருந்தாள்.